ஊர்க்கும் ஆலைக்கும் இடைநிலம்

தீயும் புகையும் எழும் தொழிலை மனைக்கு அணித்தே வைத்தல் தீது என்பதை அறிய, ஒருவன் சட்டம் படித்திருக்க வேண்டுவதில்லை. எனினும், சட்டமும் நம்மிடத்தே இல்லாமலில்லை. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் நிலத்தை அதன் பயனுக்கேற்ப வகைப்படுத்த வழி செய்தது. 2008-இல் ஒப்புதல் பெற்ற சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம், குடியிருப்பு, வணிகம், தொழில், ஏதமிகு தொழில் எனப் பல கூறுகளாக நிலத்தைப் பிரித்துக் காட்டுகின்றது. தாளில் வரைந்த கோடு தரையில் நிற்கின்றதா என்பதே நம் வினா.

தூத்துக்குடியைப் பாருங்கள். இசுடெர்லைட்டுச் செப்பு உருக்காலைக்கு 1994-இல் மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் இசைவு வழங்கியபோது, ஆலையைச் சுற்றி 250 மீட்டர் அகலத்திற்கு மரவளையம் அமைத்தல் வேண்டும் என்று கட்டளையிட்டது. ஆலையார் அதனைக் குறைக்குமாறு வேண்டினர். அதே ஆண்டில், அதே வாரியம், அவ்வளையத்தை 25 மீட்டராகச் சுருக்கியது. பத்தில் ஒன்பது பங்கு ஓர் எழுதுகோலின் வீச்சில் மறைந்தது! அவ்வகலத்தின்மேல் உரிமையுடையவர் யாவர்? அக்காற்றை மூச்சாக உட்கொள்ளும் ஊரவரல்லரோ? அவரை எவரேனும் ஒரு சொல் வினவினரா? 2013-இல் உச்ச வழக்குமன்றம் அவ்வாலைக்கு நூறு கோடி உருபா தண்டம் விதித்தது. ஆனால் ஆலையை மூடவில்லை. 2018 மே 22-இலும் மறுநாளிலும், தம் காற்றுக்காகவும் நீருக்காகவும் போராடிய மக்களுள் 13 பேர் காவல்துறையின் துமுக்கிச் சூட்டுக்கு இரையாயினர். அதன் பின்னரே ஆலையின் கதவு மூடப்பெற்றது. அம்மூடலை 2020-இல் சென்னை உயர் வழக்குமன்றமும், 2024-இல் உச்ச வழக்குமன்றமும் உறுதிசெய்தன. 1994-இல் ஒரு கோட்டைக் காத்திருந்தால் முடிந்திருக்கக் கூடியதற்கு, 2018-இல் உயிர்களை விலையாகக் கொடுத்தோம்.

எண்ணூரின் நிலையும் இதுவே. அங்குள்ள மீனவர் குப்பங்கள் ஆலைகளைத் தேடி வந்தவை அல்ல; ஆலைகளே குப்பங்களைத் தேடி வந்தன. 2023 திசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவில், கப்பலினின்று உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வளி கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் கண்ணெரிந்து, மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பெற்றனர். அதே மாதத்துப் புயல்வெள்ளத்தில் மணலியிலிருந்து பரவிய எண்ணெய்க் கசிவு அவர்தம் வலைகளையும் படகுகளையும் முன்னரே கறைப்படுத்தியிருந்தது. நஞ்சு ஆண்டுக்கொரு முறை வெளிப்படுவதன்று. நாடோறும் சிறுகச் சிறுகப் பரவுவதே. திசம்பரில் அஃது உலகறிய வெளிப்பட்டது, அவ்வளவே.

இங்கே மற்றொரு முறைகேட்டையும் உணர்தல் வேண்டும். குடியிருப்புப் பகுதியில் ஓர் ஏழை கடைசற்பட்டறை வைத்தால், அவன் மின்னோடியின் குதிரைத்திறனை அளக்க அலுவலர் வருகின்றனர். நஞ்சாலைக்கோ நிலவகையே மாற்றித் தரப்படுகின்றது. எளியவனுக்கு வேலியாகவும் வலியவனுக்கு வாயிலாகவும் நிற்பது சட்டமாகுமோ?

நிலம் மாநிலப் பட்டியலில் உள்ளது என்பர். ஆயினும் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, பெருந்தொழில்கள் பலவற்றுக்கு இசைவளிப்பது தில்லியே. அவ்வறிவிக்கைக்கு மாற்றாக 2020-இல் வரைவொன்று வந்தபோது, அஃது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளிவந்தது. எட்டாம் பட்டியலின் மொழிகள் அனைத்திலும் அதனைப் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர் வழக்குமன்றம் சூன் 30-இல் ஆணையிட, அவ்வாணையை எதிர்த்து உச்ச வழக்குமன்றம் வரை சென்றது நடுவண் அரசு. தன் வாயிலில் வரவிருக்கும் நஞ்சைத் தன் தாய்மொழியில் அறியும் உரிமையும் தமிழனுக்கு இல்லையெனின், அவனிடம் கருத்துக் கேட்பதென்பது வெறும் கூத்து. மொழியுரிமை வேறு, மூச்சுரிமை வேறு என்று எண்ணுவார் இதனை உணர்க!

தொழில் வேண்டாவோ எனச் சிலர் வினவுவர். வேண்டும், தமிழிளைஞர்க்கு வேலையும் வேண்டும். தொழிலை நாம் எதிர்த்தோமல்லேம். அதனை மனையின் மார்பின்மேல் நிறுத்துவதையே எதிர்க்கின்றோம். தந்தைக்குக் கூலியும் குழந்தைக்கு இருமலும் ஒரே வாயிலிலிருந்து வருதல் வளர்ச்சியாகாது.

ஆகலின் நாம் கேட்பன இவை: ஏதமிகு தொழிலுக்கும் குடியிருப்புக்கும் இடையே விடவேண்டிய தொலைவு சட்டத்திலேயே வரையறுக்கப்பெறல் வேண்டும், எந்த வாரியமும் தன் கூட்டமொன்றில் அதனைச் சுருக்க இயலாதாதல் வேண்டும். அவ்விடைநிலத்தில் மனைப்பிரிவு போட்டு ஏழையர்க்கு விற்கும் வணிகமும் தடுக்கப்பெறல் வேண்டும். நிலவகை மாற்றம் ஒவ்வொன்றும் ஊரவையின் ஒப்புதலுக்கு வருதல் வேண்டும். வரைபடமும் அறிவிக்கையும் தமிழில் ஊர்ப்பொதுவிடத்தில் தொங்குதல் வேண்டும்.

ஊர்தோறும் இளைஞர் இன்றே ஒன்று செய்க: தம் ஊரின் நிலவகை வரைபடத்தைக் கேட்டுப் பெறுக, தம் தெருவுக்கும் அண்மை ஆலைக்கும் இடைப்பட்ட தொலைவை அளந்து எழுதி வைக்க. அளந்து வைத்த எல்லையை எவனும் நம்மை வினவாமல் சுருக்க இயலாது.