தேறலும் தோட்டத்துக் கள்ளும்

பனங்கள்ளே உயர்ந்தது, தென்னங்கள் அதற்கு ஈடாகாது என்று சுவை வகுத்துப் பேசும் அறிஞர் நம்மிடையே உளர். சங்கப் புலவர் தேறல், நறவு, தோப்பி எனப் பெயரிட்டுப் பிரித்தறிந்ததை அவர்கள் சான்று காட்டுவர். நன்று. ஆயின், அதே அளவுகோலைப் பாலிங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களுக்குக் கொண்டுவந்து, அங்குக் குடித்ததும் முன்னோர் மரபே என்று எழுதுவது என்ன ஆராய்ச்சி?

கள்ளின் சுவையில் மரத்துக்குப் பாதிப் பங்குதான், மறுபாதி பொழுதினுடையது. விடியலில் இறக்கிய சாறு இனிக்கும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் அது பதநீராக நிற்கும். தடவாவிடில் சில மணி நேரத்திலேயே நுரைத்துப் புளிக்கும். நாள் கடந்தால் காடிதான். கோலக் கெட்டில் பக்கத்துத் தொழிலாளி, மரம் வெட்டிப் பால் எடுத்து நிறுத்துக் கொடுத்த பின்னரே கள்ளுக்கடைக்குச் சென்றான். அவன் நாவுக்கு எட்டியது புளித்த தென்னங்கள். பனையா, தென்னையா என்று தெரிவு செய்ய அவனை யார் கேட்டார்கள்? அதியமான் ஒளவைக்குக் கள்ளைப் பகிர்ந்தளித்தான். தோட்டத்துக் கடையோ காசுக்கு விற்றது. அக்காசும் தோட்டமே கொடுத்த கூலி!

1947இல் இதே கெடா மாநிலத்துப் பீடோங்கில் தொண்டர் படையினர் கள்ளுக்கடையை எதிர்த்துத் திரண்டனர். போலீசாரோடு நேர்ந்த மோதலில் உயிர் போயிற்று. அவர்களும் அந்தக் கள்ளின் சுவையை அறிந்தவர்களே. எவரைக் காட்டிலும் நன்கு அறிந்தவர்கள். மாணவர்க்குத் தேறலின் நயத்தைப் பக்கம் பக்கமாக விளக்கும் இவ்வறிஞர்தம் கட்டுரைகளில் பீடோங்குக்கு ஒரு வரி கிடைப்பதில்லை.