அடுத்த பாகம் ஏமாற்றும்போது

"ஒரு கதைப் புத்தகத்துக்குப் போய் யாராவது மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாங்களா?" நம்ம வீடுகளில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. வெச்சுக்குவாங்க. வெச்சுக்கணும் என்பதுதான் என் கட்சி.

எங்களை மாதிரி ஊர் ஊராய்ப் பெட்டி கட்டுகிற குடும்பங்களில் பிள்ளைகளுக்கு எதுவும் நிலையில்லை. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மாற்றல் வந்தால் பள்ளிக்கூடம் மாறும், சிநேகிதர்கள் மாறுவார்கள். ஹைதராபாத்தில் தட்டுத் தடுமாறிக் கற்ற தெலுங்கு புனேயில் செல்லாது. மாறாமல் கூடவே லாரியில் ஏறி வருவது ஹாரி பாட்டரும் பெர்ஸி ஜாக்ஸனும்தான். அந்தச் சிநேகிதன் அடுத்த பாகத்தில் வேறு யாரோ மாதிரி வந்து நின்றால் பிள்ளைக்கு வலிக்காதா?

ஹாரி பாட்டரையே எடுத்துக்கொள்வோம். நாலாம் பாகம் வந்தது 2000 ஜூலையில். ஐந்தாம் பாகம் 2003 ஜூனில். பத்து வயதில் நாலாவதை முடித்த பிள்ளைக்கு ஐந்தாவது கையில் கிடைக்கும்போது பதின்மூன்று வயது. கதைக்குள் ஹாரிக்கோ சில வாரங்கள்தான் கழிந்திருக்கின்றன. போதாததற்கு, மூன்றாம் பாகம் 317 பக்கம், ஐந்தாம் பாகம் 766 பக்கம் (பிரிட்டிஷ் பதிப்புக் கணக்கு). "எப்பப் பார்த்தாலும் கத்துறான், எல்லார் மேலயும் எரிஞ்சு விழறான்" என்று அன்றைக்கு அலுத்துக்கொண்டவர்கள் நிறைய.

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்கணும். ஏமாற்றத்தில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, கதை நம் இஷ்டப்படி போகவில்லை என்கிற ஏமாற்றம். இன்னொன்று, கதை தான் கொடுத்த வாக்கைத் தானே காப்பாற்றவில்லை என்கிற ஏமாற்றம். முதலாவது வாசகனின் ஆசை. இரண்டாவதுதான் எழுதியவரின் கணக்கில் சேரும். ஹாரியின் கோபம் முதல் ஜாதி. கூடப் படித்தவன் கண்ணெதிரே செத்து விழுகிறான். நடந்ததைச் சொன்னால் அரசாங்கமும் பத்திரிகையும் பொய்யன் என்கின்றன. அந்த வயதுப் பையன் கத்தாமல் என்ன செய்வான்?

(முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடவும்.)

2010-ல் வந்த 'மாக்கிங்ஜே'யும் அப்படித்தான். காட்னிஸ் வில்லும் அம்புமாய்ப் போரை ஜெயித்துக் கொடுப்பாள் என்று காத்திருந்தவர்களுக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலும் பிரசாரப் படப்பிடிப்புமாய் அலைக்கழிகிற ஒரு பெண்தான் கிடைத்தாள். எந்தத் தங்கைக்காக முதல் பாகத்தில் முன்வந்தாளோ, அந்தத் தங்கையே கடைசியில் சாகிறாள். படிக்கக் கசக்கிறதுதான். ஆனால் குழந்தைகளைக் களத்தில் இறக்கிவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்டுத்தானே அந்தக் கதையே ஆரம்பித்தது? வாக்கு தவறவில்லை.

2013-ல் வந்த 'அலீஜியன்ட்' வேறு கதை. நாயகி டிரிஸ் இறந்துபோனாள் என்றுதான் பலருக்கும் ஆத்திரம். எனக்கு அதில் வருத்தம் இல்லை. முதல் இரண்டு பாகங்களையும் அவள் ஒருத்தியே சொல்கிறாள். மூன்றாவதில் டோபியாஸும் மாற்றி மாற்றிச் சொல்கிறான். இரண்டு பேர் குரலும் ஒன்றுபோல இருப்பதால், இப்போது பேசுவது யார் என்று அத்தியாயத் தலைப்பைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இது எழுத்தின் குறை. சாவைக் குறை சொல்வதும் குரலைக் குறை சொல்வதும் ஒன்றல்ல.

பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் புரியுமா? நன்றாகவே புரியும். பெர்ஸி ஜாக்ஸனின் முதல் ஐந்து பாகங்கள் 2009-ல் முடிந்தன. ஆறாவதாக 2023-ல் 'தி சாலிஸ் ஆஃப் தி காட்ஸ்' வந்தது. ஏழாவது படிக்கும் என் மகள் அதை மூடி வைத்துவிட்டு, "உலகத்தையே காப்பாத்தினவனுக்கு காலேஜ்ல சேர சிபாரிசுக் கடிதமாப்பா?" என்றாள். (நம்ம ஊரில் அதைவிடப் பெரிய சாகசம் வேறென்ன இருக்கிறது! :-)) இன்னும் கொஞ்சம் கிளறினேன். "இதுக்கப்புறம் நடக்கிற கதை 2020-லயே வந்துடுச்சு. அதுல பெர்ஸி நல்லாத்தானே இருக்கான்? அப்புறம் எனக்கு எப்படிப் பயம் வரும்?" என்றாள். முதலில் சொன்னது ஆசை. இரண்டாவது சொன்னது விமர்சனம். நடுவில் தேவைப்பட்டது "ஏன்?" என்கிற ஒரே ஒரு கேள்வி.

இது வெள்ளைக்காரப் புத்தகங்களின் வியாதி என்றும் நினைக்க வேண்டாம். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் கல்கியில் வந்தது. கதை சட்டென்று முடிந்துவிட்டது, பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை என்று குறைப்பட்டவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். கல்கி அதை ஒதுக்கித் தள்ளவில்லை. அந்தக் குறையை எடுத்துக்கொண்டு முடிவுரையிலேயே பதில் எழுதினார். அவ்வளவு பெரிய எழுத்தாளரே வாசகரின் மனக்குறைக்கு மரியாதை கொடுத்தபோது, நாம் நம் பிள்ளையின் மனக்குறையைக் கேலி செய்வது என்ன நியாயம்?

கேலி செய்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. "இதுக்குத்தான் பாடப் புத்தகத்தைப் படின்னேன்" என்று ஒரு வார்த்தை போதும். அடுத்த முறை பிள்ளை வாய் திறக்காது. அதற்கடுத்த முறை புத்தகத்தையே திறக்காது. கைபேசி தயாராகப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆகவே பெற்றோர்களே, வாங்கிக் கொடுத்த காசுக்காகக் கடைசிப் பக்கம் வரை படித்தே ஆகணும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். எந்த இடத்தில் அலுத்தது, ஏன் அலுத்தது என்று சாப்பாட்டு நேரத்தில் கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள். இங்கிலீஷில் படித்த கதையைத் தமிழில் திட்டுவதற்கு நிறைய வார்த்தை வேண்டும். வீட்டில் "சாப்பிட்டியா, படிச்சியா" என்பதைத் தாண்டித் தமிழ் பேச வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

பிடித்த புத்தகத்தைப் புகழ யாருக்கும் வரும். பிடித்த எழுத்தாளர் சறுக்கிய இடத்தைக் காரணத்தோடு சொல்ல வருகிற பிள்ளை, நாளைக்குச் செய்தித்தாளையும் மேடைப் பேச்சையும் அப்படியே விழுங்காது.

அந்த ஒரு லாபத்துக்காகவாவது, ஒன்றிரண்டு பாகங்கள் சொதப்பட்டும், விடுங்கள்.