மலையடிவாரத்தில் மின்னேற்று நிலையம்

போடிநாயக்கனூரில் விடியுமுன்னரே ஜீப்புகள் புறப்பட்டு விடுகின்றன. ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் நெருக்கியமர்ந்து போடிமெட்டு ஏறி, கேரளத்துப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் சென்று, அந்தி சாயும் வேளையில் இறங்குகின்றனர். மின்வாகனங்களுக்கு மின்னேற்று நிலையங்கள் எங்கெங்கு அமைய வேண்டுமெனத் திட்டமிடுவோர் முதலில் எண்ண வேண்டியது இந்த ஜீப்புகளையே என்பது நம் கருத்து. இன்று அவை டீசலில் ஓடுகின்றன. என்றும் அவ்வாறே ஓடப்போவதில்லை.

2018 டிசம்பரில் மத்திய மின்துறை அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறை, நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என வகுத்தது. பின்வந்த திருத்தங்களிலும் தூரக் கணக்கே முன்னிற்கிறது. சமவெளிக்கு அது பொருந்தும். நம் மலைச்சாலையோ 17 கொண்டை ஊசி வளைவுகளில் சுமார் 1000 மீட்டர் உயர்கிறது. 2 டன் எடையுள்ள வண்டியை அவ்வுயரத்திற்குத் தூக்குவதற்கு மட்டுமே ஏறத்தாழ 5.5 யூனிட் மின்சாரம் வேண்டும்; உருளும் செலவு வேறு. இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாகி அதில் ஒரு பகுதியை மின்கலத்திற்குத் திருப்பித் தருகிறது. ஆனால் மலையுச்சியில் மின்கலத்தை முழுதும் நிரப்பிவிட்டால், நிறைகுடத்தில் மேலும் நீர் வார்க்க இயலுமோ? வந்த மின்சாரம் வீணாவதோடு, முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். வரைபடத்தில் தூரத்தை மட்டும் அளந்து போடிமெட்டில் புள்ளி வைப்பது இதனாலேயே பிழையாகும்.

ஜீப்புகள் இரவில் எங்கே நிற்கின்றனவோ, அங்கேதான் நிலையம் வேண்டும். விரைவு இயந்திரம் தேவையில்லை. 3 கிலோவாட் இணைப்பு 10 மணி நேரத்தில் 30 யூனிட் தந்துவிடும். கேரள மின்வாரியம் ஆட்டோக்களுக்காக மின்கம்பங்களிலேயே மின்னேற்றும் வசதியைப் பொருத்தியுள்ளது. (நம் பக்கத்தில் கம்பம் என்றால் ஊர்தான் நினைவுக்கு வரும்!) அவ்வெளிய முறை நமக்கும் ஏற்றது. மூணாறு செல்லும் சுற்றுலாக் கார்களைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை, விடுதிக்காரர்களே பார்த்துக்கொள்வர்.

ஓர் இடர்ப்பாடு உண்டு. 2024ஆம் ஆண்டு நெறிமுறை, சூரிய மின்சாரம் மிகுந்த காலை 9 முதல் மாலை 4 வரை கட்டணத்தைக் குறைத்து, ஏனைய நேரத்தில் கூட்டுகிறது. அந்தப் பகற்பொழுதில் நம் ஜீப்புகள் மலைமேல் அல்லவா நிற்கின்றன! தோட்டங்களில் அளவோடு மின்னேற்ற வழி செய்யலாம். அல்லது தொழிலாளர் ஊர்திகளுக்கு நள்ளிரவுக்குப் பின் கட்டணச் சலுகை கேட்கலாம். நாம் இரண்டாவதையே வேண்டுகிறோம். முன்னதற்கு இரு மாநிலங்களும் தோட்ட உரிமையாளரும் ஒருங்கே இசைய வேண்டும். பின்னதற்குத் தமிழகம் மனம் வைத்தாலே போதும். எரிபொருட் செலவு யார் கணக்கில் எழுதப்பட்டாலும், முடிவில் அது கூலியாளின் மடியையே தொடுகிறது. நகராட்சியும் மின்வாரியமும் ஒரு வாரம் இரவில் தெருத் தெருவாகச் சென்று, நிற்கும் ஜீப்புகளை எண்ணிய பின்னரே இடங்களைக் குறிக்கட்டும்.