கூட்டம் சேர்ந்தால் கலை கெடுமா?

பொழுதுபோக்காகப் புகைப்படம் எடுப்பவர்கள் குழு சேர்ந்தால் எல்லாருடைய படமும் ஒரே அச்சில் வார்த்தது போலாகிவிடும் என்கிறார் ஒரு கட்டுரையாளர். சாட்சிக்கு, தனியாகவே சாதித்த புகைப்படக் கலைஞர் விவியன் மேயரை அழைக்கிறார். வாதம் எடுப்பாக இருக்கிறது, வரலாறுதான் ஒத்துழைக்கவில்லை.

பிரேசிலின் சாவ் பாவ்லோவில் 1939-இல் ஒரு புகைப்படக் கழகம் தொடங்கியது. பெயர் பண்டெய்ரான்டே. உறுப்பினர்களில் பலர் வக்கீல்கள், வணிகர்கள், பொறியாளர்கள். சேர்ந்து படமெடுக்கப் போனார்கள். தலைப்புக் கொடுத்துப் போட்டி வைத்தார்கள். ஒருவர் படத்தை மற்றவர் தயவு தாட்சண்யமின்றி அலசினார்கள். எல்லாம் ஒரே அச்சாகிவிட்டதா? தொப்பிகளுக்குச் செயற்கைப் பூ செய்து விற்ற கெர்ட்ரூட்ஸ் அல்ட்ஷூல், பப்பாளி இலையின் நரம்புகளில் அழகைக் கண்டார். வங்கி ஊழியர் ஜெரால்டோ டி பாரோஸ், நெகட்டிவையே கீறிப் படமாக்கினார். ஒருவர் படத்தை மற்றவருடையது என்று யாராலும் தவறாக எண்ண முடியாது. 2021-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இந்தக் கழகத்தின் படங்களைக் கண்காட்சியாக வைத்தது.

மேயருக்கு வருவோம். அவர் எடுத்த சுருள்களில் ஏராளமானவை கழுவப்படாமலே கிடந்தன. 2007-இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்திராவிட்டால் அவர் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது. தற்செயலைக் காட்டி விதி வகுக்கலாமா?

எதைக் காட்டினாலும் ‘அருமை’ என்று மட்டும் சொல்லும் குழு வீண்தான், மறுக்கவில்லை. அப்படிப்பட்ட குழுவிலிருந்து தாராளமாக விலகுங்கள். விலகிய கையோடு, முகத்துக்கு நேரே குறை சொல்லும் குழுவில் சேருங்கள்.