ஆகாயத்திலிருந்து ஒரு சாட்சி

2025-ம் வருஷம் ஜூலை மாதம் 30-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நைஸார் என்னும் செயற்கைக் கோள், இந்தியாவும் அமெரிக்காவும் கூட்டாக நிர்மாணித்தது. 12 நாட்களுக்கொரு முறை பூமியின் நிலப்பரப்பை அனேகமாக முழுவதும் பார்ப்பதற்கென்றே அமைக்கப்பட்ட அதனிடமிருந்து, நாளொன்றுக்கு 80 டெராபைட் அளவில் விவரங்கள் சேரும் என்று நிபுணர்கள் கணக்கிட்டார்கள். அவர்களுடைய சாமர்த்தியத்தை மெச்சுகிறோம். ஆயினும், இவ்வளவு விவரத்தினின்றும் தஞ்சாவூர் ஜில்லாக் குடியானவனுக்கு என்ன தெரியப் போகிறது என்பதே நமது கேள்வி.

காவேரிப் பாசனப் பிரதேசத்தில் சம்பாப் பயிர் நிற்கும் காலம் வடகிழக்குப் பருவ மழைக் காலமாகும். சாதாரணப் புகைப்படக் கோள்களுக்கு அப்போது மேகத்தின் முதுகுதான் தெரியும். ராடார் கருவியோ மேகத்தையும் இருளையும் பொருட்படுத்தாது. நீர் கட்டிய வயலில் படும் ராடார் அலை, கண்ணாடியில் பட்ட ஒளி போல் அப்புறம் விலகிப் போவதால், வயல் கறுத்துத் தோன்றும். பயிர் வளர வளர அதே வயல் வெளுத்துக்கொண்டு வரும். ஒரு படத்தைத் தனியே பார்த்தால் ஒன்றும் விளங்காது. பருவம் முழுவதும் எடுத்த படங்களை வரிசைப்படுத்தி, வயலில் நேரில் கண்டதோடு ஒத்துப் பார்த்தால்தான், எங்கே எப்போது நடவாயிற்று, எங்கே வெள்ளம் மூடிற்று, எங்கே நிலம் தரிசாய்க் கிடந்தது என்பவை புலப்படும். கோயம்புத்தூர் விவசாய சர்வகலாசாலையார் ஐரோப்பியரின் ஸென்டினல்-1 கோளைக் கொண்டு இவ்வேலையை முன்பே செய்து காட்டியிருக்கின்றனர்.

அமெரிக்காவின் லாண்ட்ஸாட் படங்கள் ஒரு காலத்தில் விலைக்கு விற்கப்பட்டன. அதிக விற்பனையான 2001-ம் வருஷத்தில்கூடச் சுமார் 25,000 படங்களே போயின. 2008-ல் இலவசமென்று தீர்மானித்த பின், ஒரே வருஷத்தில் பத்து லக்ஷத்துக்கு மேல் எடுக்கப்பட்டன. ஜனங்களின் வரிப் பணத்தில் எடுத்த படத்தை ஜனங்களுக்கே விற்றது என்ன நியாயமோ! நைஸார் விவரங்களை இலவசமாகத் தருவதென இரு தேசத்தாரும் தீர்மானித்தது சரியே.

ஆனால் இலவசமாய்க் கிடைப்பது மட்டும் போதாது. பிரதம மந்திரி பயிர் இன்ஷூரன்ஸ் திட்டத்தில், 2023-ம் வருஷக் கரீப் பருவம் முதல், நெல்லுக்கும் கோதுமைக்கும் மகசூல் கணக்கில் குறைந்தது 30 சதவிகித மதிப்பு இத்தகைய தூரநோக்கு முறைக்கு அளிக்கும்படி மத்திய சர்க்கார் ஏற்பாடு செய்தனர். ஆகவே, ஆகாயத்திலிருந்து எடுத்த கணக்கு நஷ்டஈட்டை நிர்ணயிக்கும் சாட்சியமாகிவிட்டது. ஒரு கட்சிக்காரருக்குக் காட்டாத தஸ்தாவேஜைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல எந்த நீதிபதி துணிவார்? கிராமத்தின் மகசூலை எந்தெந்தத் தேதியில் எடுத்த படங்களிலிருந்து, எம்முறையில் கணித்தனர் என்பதைத் தெளிவான தமிழில் எழுதி, சர்வே நம்பர் காட்டும் வரைபடத்துடன் பஞ்சாயத்துக் காரியாலயத்தில் ஒட்ட வேண்டும். நஷ்டஈடு முடிவாகுமுன் ஆக்ஷேபணை கூறப் பதினைந்து நாளாவது அவகாசம் வேண்டும். இதனால் கணக்குக்கும் லாபமே. நீர் நிற்பதை ராடார் சுலபமாய்க் காணும். கதிர் பதராய்ப் போனதை வயலில் இறங்கியவனே அறிவான்.

செலவு அதிகமாகுமென்று அதிகாரிகள் சொல்லக்கூடும். நைஸாருக்கு ஆன செலவு சுமார் 150 கோடி டாலர். தாலுகா தோறும் இப்படங்களைப் படித்துச் சொல்லத் தெரிந்த இருவரை நியமிக்க அதில் அற்பப் பங்கும் ஆகாது. தமிழ்நாடு சர்க்கார் வருகிற சம்பாவுக்கு முன் டெல்டாவில் ஒரு ஜில்லாவிலாவது இதைத் தொடங்க வேண்டும்.