கட்டிலுக்கடியில் ஒரு தாழ்வு மண்டலம்

மூன்று வண்ணப் பூனையைக் கண்டால் வாலைத் தூக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. 'பெண்' என்று தைரியமாகச் சொல்லிவிடலாம். கறுப்பா, செம்பட்டையா என்று தீர்மானிக்கும் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. ஒரே உடம்பில் இரண்டு நிறமும் வேண்டுமென்றால் இரண்டு எக்ஸ் தேவை. ஆண் பூனைக்கு (நம்மைப் போலவே) இருப்பது ஒன்றுதான். அபூர்வமாக விதிவிலக்கு உண்டு, அதை விடுங்கள். இந்த ஞானமெல்லாம் 2023 டிசம்பர் வரை எனக்குக் கிடையாது. இல்லாமலே சௌக்கியமாகத்தான் இருந்தேன்.

அந்த மாதம் மிக்ஜாம் புயல் ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையைக் கடந்தது. கடப்பதற்கு முன் சென்னையை நனைத்துப் பிழிந்ததில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் ஏரியாகிவிட்டன. ("முன்னாடியும் ஏரிதானேய்யா!" என்பார் எங்கள் ஹவுஸ் ஓனர்.) தண்ணீர் வடிந்து யாரோ கார் பானெட்டைத் திறந்தபோது, இன்ஜினுக்கும் பாட்டரிக்கும் நடுவே ஒரு மூவர்ணப் பூனை ஒட்டிக் கொண்டிருந்ததாம். எடுக்க முக்கால் மணி நேரம்.

எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸில் ஒரு மேடம். லீவு நாட்களில் அடிபட்ட நாய், பூனைகளோடு அலைகிறவர். ஒரு வெள்ளிக்கிழமை என் சீட்டுக்கு வந்து, "சார், நீங்க தனியாத்தானே இருக்கீங்க? ஒரு மூணு வாரம் ஃபாஸ்டர் பண்றீங்களா?" என்றார்.

ஃபாஸ்டர் என்றால் எனக்குத் தெரிந்தது பீர். மூன்று வாரம் தொடர்ந்தாற்போலவா என்று நான் திகைப்பதற்குள் டேபிள் மேல் ஒரு பிளாஸ்டிக் கூடை வந்து உட்கார்ந்தது. உள்ளே இரண்டு கண்கள். மீதியெல்லாம் நடுக்கம்.

"தத்து இல்லே சார். நிரந்தரமா ஒரு வீடு கிடைக்கிற வரைக்கும் வச்சிருந்து, மனுஷங்களோட பழக்கிக் குடுக்கணும், அவ்வளவுதான்."

"கடிக்குமா மேடம்?"

"அதுவும் உங்களைப் பார்த்து அதையேதான் கேக்குது."

நங்கநல்லூரில் ஹவுஸ் ஓனர் கேட்டிலேயே நிறுத்தினார். பூனைக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் மாடியில் மீன் வாசனை வந்தால் அட்வான்ஸைத் திருப்பித் தந்துவிடுவாராம். பூனை பிறவி அசைவம். இறைச்சியில் இருக்கும் டாரின் என்ற சமாசாரம் கிடைக்காவிட்டால் அதற்குக் கண்ணும் இதயமும் கெடும். இதை விளக்காமல், கடையில் வாங்கிய உலர் தீனிப் பாக்கெட்டை நீட்டினேன். முகர்ந்து பார்த்து, "பிஸ்கட் மாதிரி இருக்கே?" என்றார். "அதே மாதிரிதான் சார்." உள்ளே விட்டார்.

புயல் என்று பெயர் வைத்தேன். பெயர்ப் பொருத்தம் கூடையைத் திறந்த அரை விநாடிதான் நீடித்தது. ஒரு கோடு பறந்தது, கட்டிலுக்கடியில் போய் நின்றது. அப்புறம் வானிலை அறிக்கைதான்: தென்மேற்கு மூலையில் நிலை கொண்டுள்ள தாழ்வு மண்டலம் அடுத்த 24 மணி நேரத்தில் நகர வாய்ப்பில்லை.

நகரவில்லை. சாப்பிடவும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் வைத்த தீனி வைத்தபடி இருக்க, டாக்டருக்கு போன் போட்டேன்.

"ஒரு நாள் பரவால்லே. நாளைக்குச் சாயங்காலமும் சாப்பிடலேன்னா தூக்கிட்டு வந்துடுங்க. நாய் ஏகாதசி இருக்கலாம், பூனை இருக்கக் கூடாது."

பட்டினி கிடந்தால் பூனையின் உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலுக்குப் போய் அடைத்துக் கொள்ளுமாம். உயிருக்கே ஆபத்து. மறுபடி கூடையில் அடைத்து ஆட்டோவில் கொண்டு போனால், அந்த இன்ஜின் சத்தத்தில் இன்னும் பயந்து போகும். இரண்டு பக்கமும் இடி.

டாக்டர் சொன்ன வைத்தியம் மலிவானது. ஒரு அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு வை. உற்றுப் பார்க்காதே. முதுகைக் காட்டித் தரையில் உட்கார். எதையாவது மெதுவாகப் படி, குரல் பழகட்டும். பெட்டி விஷயத்தை 2014-ல் ஹாலந்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10-க்குப் பெட்டி, 9-க்கு இல்லை. ஒளிய இடம் கிடைத்த கோஷ்டிதான் சீக்கிரம் தெளிந்ததாம். எனக்கும் ஆபீஸில் ஒரு பெட்டி இருந்தால் தேவலை.

மிக்ஸி வந்த பெட்டியில் என் பழைய லுங்கியை விரித்தேன். படிக்க அகப்பட்டது ஜி.எஸ்.டி. சர்க்குலர். சனி இரவு பத்தரைக்கு ஆரம்பித்து, உள்ளீட்டு வரி வரவு பற்றிச் சுவரைப் பார்த்துப் படித்தேன். பன்னிரண்டு மணிக்குக் கட்டிலடியிலிருந்து பெட்டிக்கு ஏதோ இடம் பெயர்ந்த ஓசை. திரும்பவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் எங்கே வந்தது?

ராத்திரி 2 மணிக்கு, கர்ருக், கர்ருக்.

சம்பள உயர்வு லெட்டரைப் பிரிக்கும் ஓசைகூட அவ்வளவு இனிமையாக இருந்ததில்லை.

தினமும் சர்க்குலர் தொடர்ந்தது. நாலாம் நாள் ஹவுஸ் ஓனர், "குரூப் டூவா? ராத்திரியெல்லாம் படிக்கறியே, பொறுப்பு வந்துடுத்து!" என்று முதுகில் தட்டினார். மறுக்க மனம் வரவில்லை.

கண் சிமிட்டும் கலையைக் கற்றது அடுத்த வாரம். பூனையைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால், அதுவும் பதிலுக்கு மூடித் திறக்கிறது. 2020-ல் இங்கிலாந்தில் ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள். பஸ் ஸ்டாப்பில் முயன்றால் போலீஸ் வரும். பூனையிடம் பலித்தது. 16-ம் நாள் புயல் தானாக நகர்ந்து, என் முழங்காலில் தலையை ஒருமுறை தேய்த்து, உடனே வலுவிழந்து பெட்டிக்குத் திரும்பியது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்ததில் கால் மரத்துப் போனது.

பொங்கலுக்கு மறு வாரம் தாம்பரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. டீச்சர் அம்மா, அமைதியான பையன். நல்ல மனிதர்கள், குறை கண்டுபிடிக்க முயன்று தோற்றேன். லுங்கியைத் துவைக்காமல் பெட்டியோடு கொடுத்தேன். பழகிய வாசனை இருந்தால் புது இடம் சீக்கிரம் ஒட்டும். "அழுக்கா இருக்கே?" என்று தயங்கிய அம்மாவுக்கு அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன்.

மறுநாள் இரவு போன். "தம்பி, பீரோவுக்கு அடியில போய் உக்காந்துடுச்சு. நேத்துலேர்ந்து எதுவும் தொடலை. பயமா இருக்கு."

"ராத்திரி லைட்டை அணைச்சுடுங்கம்மா. கிட்டப் போகாதீங்க. ரெண்டு மணிக்குச் சாப்பிடும்" என்றேன், சீனியர் டாக்டர் தோரணையில். பிறகு போனைத் தலைமாட்டில் வைத்துக் கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தேன்.

இரண்டேகாலுக்கு மெஸேஜ் வந்தது, பையன் அனுப்பியிருந்தான்: "அண்ணா, கர்ருக் கர்ருக்."