மூன்று கேள்விக்குள் அடங்காத பொறுப்பு

வளரிளம் பருவத்துக்கும் முழு வளர்ச்சிக்கும் நடுவே, 18 முதல் 25 வயதுவரை, தனியானதோர் இடைப்பருவம் உண்டு என்று அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000இல் எழுதினார். அதை அளப்பதற்கான 31 கூற்றுகள் கொண்ட வினாப்பட்டியலை ரைஃப்மன் முதலியோருடன் சேர்ந்து 2007இல் வெளியிட்டார். தன்னைத் தேடுதல், சோதித்துப் பார்த்தல், நிலையின்மை, தன்மீதான கவனம், இரண்டுங்கெட்டான் உணர்வு ஆகியவற்றுக்கு 28 கூற்றுகள். பிறர்மீதான கடமைக்கும் வாழ்வில் நிலைகொள்வதற்கும் மூன்றே மூன்று. அவையும் ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்டவை. இப்பட்டியலை அப்படியே தமிழாக்கி நம் கல்லூரி வகுப்பறைகளில் விநியோகிப்பதை நாம் ஏற்பதற்கில்லை.

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்தை எடுத்துக்கொள்வோம். பட்டுச்சேலையின் உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து இழைக்கிழை பூட்டுவது கோர்வை. அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். மறுபுறம் அமர்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். தலைமுறைகளாக அந்த இடத்தில் அமர்ந்தவர்களில் வீட்டுப் பிள்ளைகள் பலர். அப்படியொரு வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவி, இது தன்மீதே கவனம் செலுத்தும் காலமா என்ற கேள்விக்கு எந்தக் கட்டத்தில் குறியிடுவாள்? இல்லை என்றால் அவளுக்கு மதிப்பெண் குறையும். நிலையின்மை உண்டு என்றால் அது அவள் மனத்தின் கணக்கில் ஏறும். அப்பாவின் கூலியில் உள்ள நிலையின்மைக்குத் தாளில் இடமே இல்லை.

மொழியும் இடறுகிறது. பொறுப்பான பிள்ளை என்று தமிழில் சொன்னால் வீட்டைத் தாங்கும் பிள்ளை என்றே பொருள். அச்சொல்லைத் தனக்கானது, பிறர்க்கானது என்று இரு கூற்றுகளாக வெட்டும்போது வாழ்க்கையும் சேர்ந்தே வெட்டுப்படுகிறது.

பருவத்தை வெளியே நின்று அளப்பது நமக்குப் புதிதன்று. பாட்டியல் நூல்கள் பெண்ணின் வயதைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழாக வகுத்தன; 20 முதல் 25 வரை அரிவை என்பது ஒரு கணக்கு. உலா வரும் தலைவனைக் கண்டு அவள் என்ன உணர்ந்தாள் என்பதைப் புலவரே தீர்மானித்தார். இன்று அவளையே கேட்கிறார்கள். விடைகளை மட்டும் முன்பே அச்சிட்டு விடுகிறார்கள்.

தறியைப் புனிதமாக்குவது நம் நோக்கமன்று. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவைத் தடைப்பட்டியலில் வைத்துக்கொண்டே குடும்பத் தொழிலுக்கு விலக்களித்த முரணை நாம் மறக்கவில்லை. மாணவரின் மனத்துயர் மெய்யானது, அதைக் கண்டறியக் கருவி தேவை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் சைட்டரும் நெல்சனும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மாணவரும் மாணவரல்லாதோரும் அடங்கிய இந்திய இளைஞரில் பெரும்பான்மையினர் தம்மை ஏற்கெனவே பெரியவர்களாகக் கருதினர். தம்மைப் பெரியவர் என்று சொல்பவரிடம் இடைப்பருவத்தின் அளவை நீட்டுவது என்ன நியாயம்?

முதலில், பெரியவராகிவிட்டோம் என்று எப்போது உணர்ந்தீர்கள் என்று கேளுங்கள். விடையை அவர்கள் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கல்லூரியில் கேட்டதை, அதே வயதில் தறியிலும் ஒரகடத்து ஆலைகளிலும் இருப்பவர்களிடமும் கேளுங்கள். கூற்றுகளை அதன் பிறகு எழுதலாம்.